வாசலில் தொங்கிய வேப்பங்கொத்து

அந்த வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு டியூட்டிக்குக் கிளம்பக் கதவைத் திறந்தேன். வாசலில் மூன்று இளநீர் உட்கார்ந்திருந்தன.

வெள்ளையாகச் சீவி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, சூப்பர்மார்க்கெட்டில் விலை ஒட்டி விற்பார்களே, அந்த இளநீர். பக்கத்தில் இரண்டு பாட்டில் லபன், அதாவது இந்த ஊர் மோர். கதவுக் கைப்பிடியில் ஒரு பை, அதற்குள் வெள்ளரிக்காய். யார் வைத்தது என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மலருக்கு வளைகாப்பு வைத்திருந்தேன். சமையலுக்கு ஆளுக்கொரு கை கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"அல் ஐன்லயும் மனுஷங்க இருக்காங்கங்க!" என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டேன்.

குப்புறப் படுத்திருந்த என் வீட்டுக்காரர், "யாரு இல்லைன்னா?" என்றார்.

போன வாரம் என் டிரைவிங் லைசென்ஸ் கதையைப் படித்த ஒரு வாசகி, ஏழு முறை தோற்றதை இவ்வளவு பெருமையாக எழுதும் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று கடிதம் போட்டிருந்தார். அம்மா, இந்த வாரக் கதையைப் படியுங்கள். அது பெருமைதான் என்று நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

இலை உதிராத ஊரில் இலையுதிர்காலம்

நான் இங்கே, அமீரகத்து அல் ஐனில், ஒரு ஆங்கிலப் பாடத்திட்டப் பள்ளியில் ஓவிய அறை உதவியாளர். பெயிண்ட் கலக்குவது, கத்தரிக்கோல் எண்ணுவது, பிள்ளைகளின் தலைமுடியிலிருந்து பசையை எடுப்பது என் வேலை. வருஷா வருஷம் இலையுதிர்காலம் என்று ஒரு பலகை வைப்போம். வெளியே நாற்பது டிகிரி கொளுத்தும். உள்ளே சுவரெல்லாம் சிவப்பு பிளாஸ்டிக் இலை ஒட்டியிருக்கும். அந்த இலை எந்த மரத்தினுடையது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு புது ஓவிய டீச்சர் வந்தார், இங்கிலாந்துக்காரர். பிளாஸ்டிக் இலைப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே குப்பையில் கவிழ்த்தார். நிஜ இலை வேண்டும், சுகந்தி, நீதான் தேட வேண்டும் என்றார்.

பாலைவனத்தில் இலை தேடச் சொல்கிறாளே மகராசி என்று வைதுகொண்டே போனேன். இரண்டு தெரு தாண்டவில்லை, கிடைத்துவிட்டது.

ஊரில் நாட்டு வாதுமை என்போமே, அந்த மரம். இங்கே பீதாம் என்கிறார்கள். பழைய அரபு வீடுகளின் மதிலுக்கு மேல் குடை விரித்து நிற்கும். எத்தனையோ வருஷமாக அதன் நிழலில் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன், நிமிர்ந்து பார்த்ததில்லை. குளிர் லேசாகத் தட்டியதும் அதன் இலைகள் மஞ்சளாகி, ஆரஞ்சாகி, கடைசியில் நல்ல குங்குமச் சிவப்பாகி உதிர்கின்றன. ஒரே இலையில் நான்கு நிறமும் இருக்கும்.

நான் ரோட்டில் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்ததை அந்த வீட்டுப் பெரியவர் பார்த்துவிட்டார். என்ன தொலைத்தாய் என்று அரபியில் கேட்டார். இலையைக் காட்டினேன். என்னையும் இலையையும் மாறி மாறிப் பார்த்தார். மறுநாள் அவர் வீட்டு டிரைவர் ஒரு சாக்கு நிறைய பீதாம் இலையைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டுப் போனார். மேலே ஒரு டப்பா பேரீச்சம்பழமும் இருந்தது. பைத்தியம் என்று நினைத்திருப்பார், அதற்காகப் பட்டினி போட முடியுமா?

அப்புறம் கை தானாகக் கற்றுக்கொண்டது. இலையைத் துடைத்து, காகிதத்துக்குள் வைத்து, மேலே பாரம் ஏற்ற வேண்டும். இரண்டு நாளுக்கு ஒரு தரம் காகிதத்தை மாற்ற வேண்டும். நீங்கள் கையில் வைத்திருக்கும் இதே பத்திரிகையின் பழைய இதழ்களுக்குள்தான் வைத்தேன். ஆசிரியர் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஈரம் இழுப்பதில் இந்தத் தாளை மிஞ்ச ஆளில்லை. மேலே பாரத்துக்குப் பதினெட்டு கிலோ பொன்னி அரிசி மூட்டை. வளையம் கட்டுவதற்கு, பழம் அறுத்த பிறகு தோட்டங்களில் கழித்துப் போடும் பேரீச்சங்குலைக் காம்புகள். மஞ்சள் கயிறு போல வளையும், காய்ந்தால் அந்த வளைவிலேயே நிற்கும்.

முதல் வருஷம் வீட்டு வராந்தாவில் உலர்த்திய இலை முழுவதையும் எங்கள் பில்டிங் வாட்ச்மேன், நாத்தூர் என்று இங்கே சொல்வார்கள், கூட்டி அள்ளிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டார். கேட்டதற்கு, "பாபி, கச்ரா தா!" என்றார். குப்பைதானே அண்ணி என்கிறார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. உதிர்ந்த இலையைக் கூட்டித் தள்ளுவதுதான் நம் பக்கத்து வழக்கமும். வாசலுக்கு என்றால் பச்சை மாவிலைதான். சருகைக் கொண்டுவந்து அழகு என்று மாட்டுகிறவளை யார் நம்புவார்கள்?

மலர் கேட்டது

மலர் புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண். இருபத்தாறு வயது. அவள் வீட்டுக்காரர் செந்தில் பால் பண்ணையில் மெஷின் ஆபரேட்டர். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஷேரிங் ஃப்ளாட்டில் ஒற்றை அறையில் இருந்தார்கள். கிளினிக்கில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தபோது பழக்கம்.

அதற்கு முந்தின வருஷம் அவளுக்கு நான்காம் மாதத்தில் கலைந்துவிட்டது. அதைப் பற்றி அவள் ஒரு தரம்தான் பேசினாள், அதுவும் என் முகத்தைப் பார்க்காமல். இந்தத் தரம் ஏழாம் மாதம் வரை வந்துவிட்டாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு வாரம் தாண்டியது என்று எனக்கு மெசேஜ் போடுவாள்.

அவள் அம்மா வருவதாக இருந்தது. அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததால் டிக்கெட்டை ரத்து செய்தார்கள். அன்று அவள் எங்கள் சமையலறையில் நின்று அழுதாள்.

"வளையலே இல்லாம பெத்துக்கணும்னு எழுதியிருக்கு போலக்கா."

"எவ எழுதுனா? நான் போடுறேன்டி உனக்கு. இதுதான் உன் அம்மா வீடு. எண்ணி ஒன்பது பொம்பளைங்களைக் கூப்பிடுறேன், பாரு" என்றேன்.

இதை நான் கோபமாகத்தான் சொன்னேன். காரணம் உண்டு. என் பெண் பிறக்கும் முன் நாங்கள் ரியாத்தில் பத்தா என்ற பகுதியில் இருந்தோம். வளைகாப்புப் போட ஆளில்லை. வீட்டுக்காரர் கடைத்தெருவில் இரண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி வந்து மேஜையில் வைத்துவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டார். நான் கண்ணாடி முன்னால் நின்று எனக்கு நானே போட்டுக்கொண்டேன். ஒரு கையில் போடும்போது மறுகை நடுங்கியது. அந்தப் பெண் இப்போது திருச்சியில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். ஆனாலும் அந்தக் கண்ணாடி இன்னும் என் முன்னால் இருக்கிறது. இன்னொரு பெண் அப்படி நிற்பதை என்னால் தாங்க முடியாது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த இலை வளையத்தை மலர் பார்த்தாள்.

"அக்கா, பூ அலங்காரம் வேணாம். இது மாதிரி செய்யுங்க. பூன்னா சாயங்காலம் வாடிரும். இது வாடாதுல்ல?"

அந்தக் கேள்விக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். "வாடவே வாடாது" என்றேன்.

பச்சைக்கு எங்கே போவது

மூன்று வளையம் கட்டத் திட்டம். பெரியது வாசல் கதவுக்கு, இரண்டு அவள் உட்காரும் நாற்காலிக்குப் பின்னால். சிவப்புக்குப் பீதாம் இருக்கிறது, மஞ்சளுக்குக் குலைக்காம்பு இருக்கிறது. நல்ல காரியத்துக்குக் கொஞ்சமாவது பச்சை வேண்டாமா?

வளைகாப்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எங்கள் தெரு வேப்பமரங்களை நகராட்சிக்காரர்கள் வெட்டிச் சீர்செய்தார்கள். சீர்செய்வது என்றால் மொட்டை அடிப்பது. ஒரு மரத்தில் ஒரு கொழுந்துகூட மிச்சமில்லை. கீழே மலை மலையாய்க் கிளை. இந்த ஊரில் நிற்கிற மரத்தில் கை வைத்தால் அபராதம், ஆனால் வெட்டிப் போட்டதை லாரி வருவதற்குள் எடுத்தால் யாரும் கேட்பதில்லை. இரண்டு கை கொள்ளாமல் அள்ளி வந்தேன்.

வேப்பிலையில் ஒரு சங்கடம். காய்ந்தால் இலை இலையாய்க் கொட்டிவிடும். அதற்கும் ஓவிய டீச்சர் ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். ஒரு பங்கு கிளிசரின், இரண்டு பங்கு வெந்நீர். காம்பின் நுனியைச் சுத்தியலால் நசுக்கி அதில் நிறுத்திவைக்க வேண்டும். பத்து நாளில் இலை அந்த நீரைக் குடித்துவிடும். பச்சை கொஞ்சம் கறுத்துப் போகும், ஆனால் உதிராது, ஒடியாது. அப்புறம் இரண்டு நாள் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். அப்போது சொட்டுச் சொட்டாய்ப் பிசுபிசுவென்று வடியும்.

வீட்டுக்குள் தொங்கவிட்டால் கம்பளம் பாழாகும். பால்கனியில் வெயில். ஆகவே வளைகாப்பு வாரத்துப் புதன்கிழமை சாயங்காலம் கொத்தாகக் கட்டி, வாசல் நிலைக்கு மேலே ஒரு ஆணியில் வெளிப்பக்கமாக மாட்டினேன்.

உங்களில் பாதிப் பேர் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். வாசல் நிலையில் வேப்பங்கொத்து தொங்கினால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். வீட்டில் யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது, உள்ளே வராதீர்கள் என்று அர்த்தம். எனக்கு அது தோன்றவே இல்லை. கையில் வேலை இருக்கும்போது என் புத்தி முழுக்க விரலுக்கு இறங்கிவிடும். எனக்கு அது வேப்பிலையாகவே தெரியவில்லை, கிளிசரின் வடிய வேண்டிய சாமானாகத்தான் தெரிந்தது.

போதாக்குறைக்கு என் வீட்டுக்காரர் அந்த வாரம் லீவில் இருந்தார். பொன்னி மூட்டைக்கு அடியில் தன் சம்பளச் சீட்டு மாட்டிக்கொண்டது என்று அதைத் தூக்கப் போய் முதுகு பிடித்துக்கொண்டது. துண்டைப் போர்த்திக்கொண்டு, குனிந்தபடி, முனகிக்கொண்டே கீழே போய்ப் பால் வாங்கி வந்ததை நான்கு பேர் பார்த்திருக்கிறார்கள்.

லிஃப்டில் சுவரைப் பார்த்து நின்றவர்கள்

வியாழக்கிழமை இளநீர் வந்தது. வெள்ளிக்கிழமை இன்னும் நான்கு இளநீர், ஒரு தர்பூசணி. எல்லாம் குளிர்ச்சியான சாமானாகவே வருகிறதே என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இவ்வளவு இளநீரை என்ன செய்வது, பாயசம் வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ஆனால் மனிதர்கள் ஒரு மாதிரியாக இருந்தார்கள். லிஃப்டில் என்னோடு ஏறியவர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். மூன்றாம் மாடி பரமேசுவரி அக்கா, கோயம்புத்தூர்க்காரர், எங்கள் பெண்கள் குழுவுக்குத் தலைவி மாதிரி. என்னைப் படிக்கட்டில் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வேகமாக ஏறிப் போய்விட்டார். எனக்கா கும்பிடு? வயதில் என்னைவிட மூத்தவர்.

வாட்ஸ்அப் குழுவில் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பத்து மணிக்கு வந்துவிடுங்கள் என்று நினைவுபடுத்தினேன். ஒருவர் கூப்பிய கை போட்டார். இன்னொருவர் பார்க்கலாம் என்றார். பாக்கிப் பேரிடமிருந்து பேச்சே இல்லை.

"நான் ரொம்பப் பீத்திக்கிட்டேனோ? அதான் இப்படிப் பண்றாங்களா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"நீ எப்பவும் பீத்துற அளவுதான். புதுசா ஒண்ணும் இல்லையே" என்றார் அவர்.

சனிக்கிழமை முழுக்கக் கட்டினேன். குலைக்காம்பு வளையத்தின் மேல் வேப்பங்குச்சிகளைச் சாய்த்துச் சாய்த்துச் சுற்றி, இடையிடையே சிவப்பு இலையை மூன்று மூன்றாகச் செருகினேன். கடைசியில் பெரிய வளையத்தைக் கதவில் மாட்டிவிட்டு எதிர்ச்சுவர் வரை பின்னால் போய்ப் பார்த்தேன். என் ஆயுசில் நான் செய்ததிலேயே அழகான சாமான் அதுதான். இன்னும் அப்படித்தான் சொல்வேன்.

ஞாயிறு, பத்து மணி

பத்து மணி ஆனது. பத்தேகால் ஆனது. சந்தனம் கரைத்து வைத்திருந்தேன், கண்ணாடி வளையல் தட்டு தட்டாய் இருந்தது. புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், இளநீர்ப் பாயசம் எல்லாம் வரிசையாக மூடியிருந்தது. கதவைத் திறந்து பார்த்தேன். வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு இல்லை.

பத்தரைக்கு மலருக்குப் போன் போட்டேன். செந்தில்தான் எடுத்தார்.

"அக்கா... அவளுக்கு லேசா தலை சுத்துது. இன்னைக்கு வேணாம்க்கா. தப்பா எடுத்துக்காதீங்க."

வைத்துவிட்டார்.

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். மற்றவர்கள் வராததெல்லாம் மறந்துவிட்டது. தலை சுற்றுகிறது என்றால் என்ன? போன தரமும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று அவள் சொல்லியிருக்கிறாள். வாடாது என்று வாய் கூசாமல் சொன்னேனே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

அப்போது அழைப்பு மணி அடித்தது. ஜமீலா லாத்தா நின்றார். கீழக்கரைக்காரர், அங்கே அக்காவை லாத்தா என்பார்கள். கீழே மளிகைக்கடை வைத்திருப்பவரின் மனைவி, அறுபது வயது இருக்கும். வலது கையில் இரண்டு இளநீர், இடது கையில் ஒரு பிளாஸ்க்.

"மத்தவங்க பயப்படுவாங்க, நான் பயப்பட மாட்டேன்மா. எனக்குச் சின்னப் புள்ளையிலயே வந்து போயிருச்சு. மறுபடி வராது. நீ ரெண்டு மணி நேரம் படுத்து எந்திரி, தம்பியை நான் பாத்துக்கிறேன். மேலுக்கு முத்து நெறயாப் போட்டிருக்கா?"

"யாருக்கு லாத்தா? என்ன முத்து?"

"உன் மாப்பிள்ளை, தம்பிக்குத்தான். அம்மைல்ல போட்டிருக்கு?"

"யாரு சொன்னா?"

அவர் கதவைக் காட்டினார். நான் வெளியே வந்து என் கதவை முதல் முறையாக ஊர்க்காரர் கண்ணால் பார்த்தேன். மூன்று நாள் கொத்தாகத் தொங்கி, இப்போது வளையமாகத் தொங்கும் வேப்பிலை.

"கேட்டிருக்கலாமே லாத்தா! ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே!"

"அம்மை வீட்டுல போய் யாரும்மா கேப்பா? அதோட நீ ஸ்கூல்ல வேலை பாக்குறவ. வெளிய தெரிஞ்சா உன்னை வீட்டுல உக்கார வச்சிருவாங்கன்னு பரமேசுவரிதான் எல்லார் வாயையும் அடைச்சு வச்சிருக்கு. புள்ளத்தாச்சிப் பொண்ணை மட்டும் அனுப்பாதேன்னு செந்திலுக்கு ரகசியமாச் சொல்லிருக்கு."

அப்படியானால் மலருக்குத் தலை சுற்றவில்லை. அது செந்தில் சொன்ன பொய். அந்தப் பொய்க்காக நான் அவருக்கு இன்றுவரை நன்றியுள்ளவள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. லாத்தா நான் சிரிப்பதைப் பார்த்து, எனக்கும் காய்ச்சல் வந்துவிட்டதோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

முதுகு காட்டிய படலம்

பஞ்சாங்கப்படி பன்னிரண்டு மணிக்கு நல்ல நேரம் முடிகிறது. மணி பத்தே முக்கால். பரமேசுவரி அக்காவுக்குப் போன் போட்டு, அம்மையும் இல்லை ஒன்றும் இல்லை, அலங்காரம் என்றேன்.

"அம்மணி, எங்கிட்ட மறைக்க வேண்டாம். யாருகிட்டயும் நான் சொல்ல மாட்டேன்."

"சத்தியமா அலங்காரம்தான்க்கா!"

"வேப்பெலையிலயா? அலங்காரமா? ஆத்தா காதுல விழுகப் போவுது, கன்னத்துல போட்டுக்கோ."

நான் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. அம்மை போட்ட வீட்டில் இல்லை என்றுதானே சொல்வார்கள் என்கிறார். வேறு வழியில்லாமல் வீடியோ காலுக்கு மாற்றினேன்.

"ஏங்க, சட்டையைக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"கேக்காதீங்க. மலருக்காக."

என் வீட்டுக்காரர் எத்தனையோ விஷயத்தில் என்னோடு சண்டை போடுவார். அன்று போடவில்லை. சட்டையையும் பனியனையும் கழற்றிவிட்டு, பிடித்த முதுகைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் நின்றார். அந்தப் பக்கம் பரமேசுவரி அக்கா கண்ணை மூடிக்கொண்டு போனைத் தன் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டார். இரண்டு ஆண்பிள்ளைகளும் மிகவும் மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள்.

"சார், கொஞ்சம் திரும்புங்க. அக்குளும் பாத்துக்கலாமுங்களா?"

"பாருங்க சார், பாருங்க."

"முதுகுல இருக்கறது என்னதுங்க?"

"வலி பிளாஸ்திரி சார்."

கடைசியில் அவர் சத்தமாக, "சுத்தமா இருக்குது, பரமு!" என்று அறிவித்தார். அதற்குப் பிறகு ஐந்து நிமிஷம் குழுவில் மெசேஜ் கொட்டியது. நான் படிக்கவில்லை. செந்திலுக்குப் போன் போட்டேன். அவர் பேசும் முன் மலர் பிடுங்கிக்கொண்டாள்.

"அக்கா, நான் காலையிலேருந்து பட்டுப்புடவை கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். இவரு காரணமே சொல்லாம கதவுல சாஞ்சு நிக்கிறாரு. நான் வரவா, வேணாமா?"

"ஓடி வாடி" என்றேன். அப்புறம் பயந்துபோய், "ஓடாத, நடந்து வா" என்றேன்.

முதல் காப்பு

பதினொன்றரைக்கு வாசலில் செருப்பு குவிந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒருவர் தலையில் ஒருவர் பழியைப் போட்டார்கள். பரமேசுவரி அக்கா மட்டும் பேசாமல் சமையலறையில் நின்று பாயசத்தைக் கிளறிக்கொண்டிருந்தார். மலரை நாற்காலியில் உட்காரவைத்து நலங்கு வைத்தோம். வளையல் தட்டை எடுத்தேன்.

"மொதல்ல வேப்பிலைக் காப்புதானேம்மா போடணும்? எங்க வச்சிருக்கே?" என்று யாரோ கேட்டார்கள்.

வளைகாப்பில் முதல் காப்பு வேப்பிலையால் சுற்றியது. அது கையில் ஏறிய பிறகுதான் கண்ணாடி வளையல். இத்தனை நாளாக வேப்பிலையிலேயே புரண்டவள், அதை மட்டும் செய்யவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெரு மரங்கள் மொட்டையாக நின்றன. மணி பதினொன்று நாற்பது.

மலரின் முகம் சுருங்கியது. "பரவாயில்லக்கா, அது இல்லாமலே..." என்று ஆரம்பித்தாள். அவள் எதையும் இல்லாமலே பழகிக்கொள்ளத் தயாராக இருந்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் வாசலுக்குப் போய்க் கதவிலிருந்த பெரிய வளையத்தைக் கழற்றி எடுத்துவந்தேன்.

"அது காஞ்ச எலைல்ல? முழுகாம இருக்கறவ கையில சருகைப் போடலாமா?" என்று ஒரு குரல்.

நியாயமான கேள்வி. பரமேசுவரி அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். வளையத்திலிருந்து ஒரு குச்சியை உருவினார். மூக்கில் வைத்து முகர்ந்தார். விரலில் சுற்றினார். அது வளைந்தது. இன்னும் இறுக்கிச் சுற்றினார். ஒரு இலைகூட உதிரவில்லை. கிளிசரின் குடித்த குச்சி ஒடியவில்லை.

"சருகுன்னா ஒடிஞ்சிருக்குமுங்க. இது ஒடியல. கசப்பு வாசம்கூட அப்படியே இருக்குது" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "நானே சுத்தறேன் அம்மணி. என்னாலதான் இந்தப் புள்ளைக்கு நேரமாச்சு" என்றார்.

மூன்று குச்சிகளைச் சேர்த்து முறுக்கி, மஞ்சள் நூல் கட்டி, இரண்டு நிமிஷத்தில் ஒரு காப்பு செய்தார். நான் அதை மலரின் வலது கையில் ஏற்றினேன். என் கை நடுங்கியது. இந்தத் தரம் அது பரவாயில்லை, பிடித்துக்கொள்ள ஒன்பது பேர் இருந்தார்கள். ஜமீலா லாத்தா முதல் கண்ணாடி வளையலைப் போட்டார், பச்சை. அப்புறம் வரிசையாக எல்லாரும். பன்னிரண்டு அடிக்கும்போது மலரின் இரண்டு கையும் முழங்கை வரை நிறைந்துவிட்டது. அவள் கையைக் குலுக்கிக் குலுக்கிச் சத்தம் கேட்டாள். வயிற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் குலுக்கினாள்.

"கேக்குதாடா உனக்கு? எல்லாரும் வந்துட்டாங்க" என்றாள்.

பரிமாறும்போது பாயசம் பிரமாதம் என்று எல்லாரும் சொன்னார்கள். உங்க இளநீர்தான் என்றேன். கூடமே விழுந்து விழுந்து சிரித்தது.

செருப்பு வைக்க இடமில்லை

பிப்ரவரிக் கடைசியில் மலருக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் டியூட்டி முடிந்து நேராகப் போனேன்.

அதற்குள் எங்கள் தெரு வேப்பமரங்கள் துளிர்த்திருந்தன. எனக்கு அவற்றை நிமிர்ந்து பார்க்கக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

மலர் வீட்டு மாடி ஏறினேன். தூரத்திலேயே தெரிந்தது. வாசல் நிலைக்கு மேலே, ஒரு ஆணியில், அந்த வேப்பிலைக் காப்பைத் தொங்கவிட்டிருந்தார்கள். மஞ்சள் நூல் வெளுத்திருந்தது. இலை அப்படியே இருந்தது.

உள்ளே பரமேசுவரி அக்காவின் குரல் கேட்டது. குழந்தை மூக்கு யார் சாடை என்று ஜமீலா லாத்தாவோடு வாக்குவாதம். கதவு அகலத் திறந்திருந்தது. வாசல் முழுக்கச் செருப்பு, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. என்னுடையதை வைக்க இடமில்லாமல், மூன்று படி கீழே இறங்கி அங்கே கழற்றிவிட்டு உள்ளே போனேன்.